அரை மில்லிமீட்டர் பீங்கான்

முன்பல் இடைவெளியை வெனீர் எனும் மெல்லிய பீங்கான் தகடு ஒட்டி மூடுவது பற்றிய விளம்பரங்கள் திரும்பிய பக்கமெல்லாம் கண்ணில் படுகின்றன. அந்தப் பீங்கானைச் செய்கிறவரைப் பற்றி அவற்றில் ஒரு வரிகூட இருப்பதில்லை. பல் மருத்துவரான நண்பர் சொல்லித்தான் சென்னையில் ஒரு மாடியில் இயங்கும் டென்டல் லேபுக்குப் போனேன். அச்சு வார்ப்பது எல்லா லேபிலும் நடப்பதுதான். நேராக, பீங்கான் வேலை பார்க்கும் ‘செராமிக் அக்கா’வின் மேசைக்கு வருகிறேன்.

மேசையில் இருந்தது இரண்டு முன்பற்களின் மாதிரி. நடுவே 2 மில்லிமீட்டர் இடைவெளி. பீங்கான் பவுடரைக் குழைத்து, பிரஷ் நுனியால் தொட்டுத் தொட்டு வைக்கிறார். டிஷ்யூவால் ஈரத்தை ஒற்றுகிறார். சுட்டால் சுருங்கும் என்பதால் பல்லைக் கொஞ்சம் பெரிதாகவே கட்டுகிறார். சூளையிலிருந்து வெளிவந்து தேய்த்து முடிக்கும்போது முகப்பில் அரை மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும்.

“இடைவெளிய அடைக்கிறது பெரிசில்ல சார். பல்லு அகலமாத் தெரியக் கூடாது. அதுதான் வேலை.”

ஒவ்வொரு பல்லும் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக அகலமாகிறது. பல்லின் முகப்பில் இருபுறமும் வரப்புபோல ஓடும் மேடுகளில்தான் வெளிச்சம் பட்டுத் திரும்புகிறது. அக்கா அந்த மேடுகளைப் பழைய இடத்திலேயே நிறுத்திவிட்டு, கூட்டிய பகுதியைப் பின்பக்கமாக வளைத்துவிடுகிறார். கூட்டியது நிழலுக்குள் போய்விடுகிறது. பல் பழைய அகலத்திலேயே தெரிகிறது. ஈறோரத்திலும் கவனம் வேண்டும். பற்கள் தொடும் இடத்துக்கும் எலும்பு விளிம்புக்கும் இடையே தூரம் 5 மில்லிமீட்டருக்கு மேல் போனால் ஈறு நிரம்பாமல் கறுப்பு முக்கோணம் விழக்கூடும் என்பது 1992-லேயே பல் மருத்துவ ஆய்வாளர் டார்னோவின் குழுவினர் காட்டியது.

இந்தப் பீங்கான் பல்லில் நிலைத்ததற்கும் ஒரு வரலாறு உண்டு. 1930-களில் ஹாலிவுட் நடிகர்களுக்குப் பல் மருத்துவர் சார்லஸ் பின்கஸ் ஒட்டிய வெனீர்கள் படப்பிடிப்போடு கழன்றுவிடும். 1955-இல் பல் மருத்துவ ஆய்வாளர் புவோனோகோர், எனாமலை அமிலத்தால் சொரசொரப்பாக்கினால் ஒட்டுப்பொருள் பிடிக்கும் என்று காட்டினார். 1980-களில் பீங்கானையும் அமிலத்தால் அரித்து ஒட்டத் தொடங்கிய பிறகே வெனீர் பல்லோடு நிலைத்தது.

அக்கா விழுப்புரம் பக்கம். டென்டல் மெக்கானிக் படித்துவிட்டு வந்தவர், முதலில் பல வருஷம் பிளாஸ்டர்தான் கலக்கினார். இந்தப் பிரஷ் அவர் சொந்தக் காசில் வாங்கியது. வேறு யாரையும் தொட விடுவதில்லை. அவர் கையால் உருவாகும் பல்லின் சொந்தக்காரரை அவர் பார்த்ததே கிடையாது. வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோவும், ஏ2 என்று ஒரு ஷேடு எண்ணும் வரும். கிளினிக் விளக்கில் நிறம் ஒத்துவராவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். “மறுபடி செஞ்சா காசு கிடையாது சார்.” நோயாளி கொடுக்கும் பணம் கிளினிக், ஆர்டர் பிடித்துத் தரும் ஏஜென்ட், லேப் முதலாளி எனக் கைமாறிக் கடைசியில்தான் இவருக்கு வருகிறது. பிரஷ் பிடிக்கத் தெரியாதவர்கள் எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுவதைக் கூலி என்பது அநியாயம். 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டத்திலேயே டென்டல் மெக்கானிக்குக்கு இடம் கிடைத்துவிட்டது. பில்லில்தான் இல்லை.

வெனீர் போட நினைப்பவர்களுக்கு: செதுக்கிய எனாமல் மறுபடி வளராது. கிளிப்பாலோ பல் நிறக் காம்போசிட் பிசினாலோ இடைவெளி மூடுமா என்று முதலில் கேளுங்கள். வெனீர்தான் என்று முடிவானால், செய்பவரை உங்கள் பல்லை நேரில் பார்க்க வைக்கும்படி மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் கூலியை ரசீதில் தனி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள்.