டைனோவுக்கு முந்தைய நாள்

நாளைக் காலை இந்தக் கார், உருளைகள்மேல் ஓட்டி இன்ஜின் திறனை அளக்கும் டைனோவில் ஏற வேண்டும். கோவை சிங்காநல்லூர்ப் பக்கம் உள்ள ஒரு பட்டறையில் மூன்று பேர் அதைச் சுற்றிக் குனிந்து நிற்கிறார்கள். கதவும் கூரையும் இல்லாத வண்டி. சதுரக் குழாய்களை வெட்டி வெல்டு வைத்த சட்டம், அதன்மேல் அலுமினியத் தகடு, முன்னால் ஃபைபர் மூக்கு. உள்ளே இருப்பது சென்னை புதுப்பேட்டையில் வாங்கிய மாருதி ஜிப்ஸி இன்ஜின்: 1298 சிசி, நான்கு சிலிண்டர், 16 வால்வு. கம்பெனியிலிருந்து வந்தபோது 80 குதிரைத்திறன் கொடுத்தது. இப்போது கேம் ஷாஃப்ட்டை மாற்றி, ஹெட்டை இழைத்துக் கம்ப்ரஷனைக் கூட்டி, சிலிண்டருக்கு ஒன்றாக பைக் த்ராட்டில் பாடிகளைப் பூட்டியிருக்கிறார்கள். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவும் புதிது.

டியூனிங் என்றதும் மடிக்கணினியும் திரையில் ஏறும் கோடும்தான் பலருக்கும் நினைவில் வரும். நான் பார்க்கப் போனது அதற்கு முந்தைய நாளின் வேலையை. டைனோவில் செலவாகும் பணம் பலன் தருமா, வீணாகுமா என்பது பெரும்பாலும் இந்த ஒரு நாளில் முடிவாகிவிடுகிறது.

கிட் கார் எனப்படும் இந்த வகைக் காரின் மூலம் இங்கிலாந்து. 1957-இல் காலின் சாப்மன் கொண்டுவந்த லோட்டஸ் செவன், பாகங்களாகப் பெட்டியில் விற்கப்பட்டது. முழுக் காருக்கு அங்கே அப்போது விற்பனை வரி உண்டு, பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் இல்லை. 1973-இல் அந்த வரி முறை மாறியது. அதே ஆண்டு செவனைத் தயாரிக்கும் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்தின் கைக்குப் போனது. பிறகு 1996-இல் ரான் சாம்பியன் என்பவர் 250 பவுண்டில்கூட ஒரு ஸ்போர்ட்ஸ் காரைக் கட்டலாம் என்று அளவுகளோடு புத்தகம் போட்டார். உலகெங்கும் வீட்டுக் கொட்டகைகளில் வெல்டிங் பொறி பறந்தது அதற்குப் பிறகுதான். நம் ஊரில் இப்படிக் கட்டுபவர்களுக்கு ஜிப்ஸி இன்ஜின் வாகாக அமைகிறது. மற்ற சிறிய மாருதிகளில் பெரும்பாலானவற்றில் இன்ஜின் குறுக்கே கிடந்து முன்சக்கரத்தைச் சுழற்றும். ஜிப்ஸியில் அது நெடுக்காக நிற்பதால் பின்சக்கரத்துக்கு ஷாஃப்ட் கொண்டுபோவது எளிது. வீட்டில் கட்டிய வண்டியைச் சாலைக்குப் பதிவு செய்வது இங்கே மிகக் கடினம். ஆகவே இது டிரெய்லரில் ஏறிப் பந்தயத் தடத்துக்குத்தான் போகும்.

கோவைக்கு இந்த வேலை பழக்கமானது. லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த எஸ். கரிவர்தன் மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டியது இந்த ஊரில்தான். ஃபார்முலா மாருதி என்ற அந்த வகுப்பில் ஓட்டிப் பழகிய கோவைக்காரர் நரேன் கார்த்திகேயன், 2005-இல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியரானார். கரிவர்தன் 1995-இல் விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையத்துத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இந்தப் பட்டறையின் மூத்த ஃபிட்டர் இளவயதில் அந்தக் கார்களுக்கு ஸ்பேனர் பிடித்தவர். சின்னப் பையன்கள் முதல் காரின் சொந்தக்காரர் வரை எல்லோருக்கும் அவர் "அண்ணா".

சொந்தக்காரர் மென்பொருள் வேலையில் இருக்கும் இளைஞர். இரிடியம் ஸ்பார்க் பிளக் நான்கை வாங்கிக்கொண்டு வந்திருந்தார். சூடு எண் 8.

"ரேஸ் வண்டிக்குக் கோல்டு பிளக் தானுங்ணா போடோணும்?"

"இப்பத்திக்கு ஆறு போதுமுங்க. எட்டைப் போட்டா நாளைக்கு ஸ்டார்ட் பண்றதுக்கே மல்லுக்கட்டோணும்."

இந்தப் பதிலுக்குப் பின்னால் பெரிய கணக்கு இருக்கிறது. பிளக்கின் நுனி ஏறத்தாழ 500 டிகிரி செல்சியஸை எட்டினால்தான் அதில் படியும் கரி தானாக எரிந்து போகும். 900 பக்கம் ஏறிவிட்டால் நுனியே தணலாகி, பொறி விழும் முன்பே கலவையைப் பற்றவைத்துவிடும். அப்புறம் பிஸ்டனில் ஓட்டை விழ அதிக நேரம் ஆகாது. இந்த இரண்டு எல்லைக்கும் நடுவில் நுனியை நிறுத்துவதுதான் பிளக் தேர்வு. உள்ளே இருக்கும் பீங்கான் மூக்கு நீளமாக இருந்தால் சூடு ஹெட்டுக்கு மெதுவாக இறங்கும், அது ஹாட் பிளக். குட்டையாக இருந்தால் சட்டென்று இறங்கிவிடும், அது கோல்டு பிளக். பிளக் தயாரிக்கும் என்ஜிகே நிறுவனத்தின் கணக்குப்படி ஒரு எண் மாறினால் நுனியில் 70 முதல் 100 டிகிரி வரை மாறும். கூடுதலாக 75 முதல் 100 குதிரைத்திறன் ஏறினால்தான் ஒரு எண் குளிர்ச்சியாகப் போக வேண்டும் என்பதும் அவர்கள் சொல்வதே. இந்த இன்ஜினில் ஏறப்போவது அதில் கால்வாசி இருக்கலாம்.

டைனோவில் முதல் மணி நேரத்தில் ஈசியூவில் எண்கள் சரியாக இருக்காது, பெட்ரோல் அதிகமாகவே விழும். அந்த ஈரத்தில் எட்டாம் எண் பிளக் கறுத்து அடைத்துக்கொள்ளும், இன்ஜின் மிஸ்ஸாகும், டியூன் செய்பவர் இல்லாத கோளாறைத் தேடிக்கொண்டிருப்பார். ஆகவே டியூனிங் தொடங்க 6. கையில் ஒரு செட் 7.

பிளக்கின் எண்களைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். என்ஜிகே, டென்சோ பிளக்குகளில் எண் ஏற ஏறக் குளிர்ச்சி. பாஷ், சாம்பியன் பிளக்குகளில் எண் ஏற ஏறச் சூடு. மைக்கோ பிளக் போட்டுப் பழகிய பழைய மெக்கானிக்குகளுக்கு இது கைவந்த பாடம். மைக்கோ என்பதே பாஷின் இந்தியக் கம்பெனிதான், 2008-இல் பெயரையும் பாஷ் என்று மாற்றிக்கொண்டது. புதியவர்கள் கடைக்காரர் கொடுக்கும் மாற்று பிராண்டை எண் பொருந்துகிறது என்று வாங்கிவிட்டால் நேர் எதிரானதைப் பூட்டிவிடுவார்கள். த்ரெட்டின் நீளமும் அப்படித்தான். 19 மில்லிமீட்டர் வேண்டிய ஹெட்டில் 12.7 போட்டால் பொறி குழிக்குள் ஒளிந்துகொள்ளும். எதிர்மாறாகப் போட்டால் பிஸ்டன் வந்து முட்டலாம்.

இரிடியம் வேண்டாம் என்பதற்கும் அண்ணாவிடம் காரணம் இருந்தது. இந்த வண்டியில் ஒரே காயில் 1, 4 சிலிண்டர்கள் இரண்டுக்கும் பொறி கொடுக்கிறது, இன்னொன்று 2, 3-க்கு. அந்த ஜோடியில் ஒரு பிளக்கில் மின்சாரம் நடு முனையிலிருந்து எர்த் முனைக்குத் தாவும், மற்றதில் திரும்பி வரும். நடு முனையில் மட்டும் இரிடியம் வைத்த பிளக் ஜோடியில் ஒன்றில்தான் முழுதாக உழைக்கும். தவிர, டியூனிங்கின்போது பிளக்கைப் பலமுறை கழற்றி முனைகளின் இடைவெளியான கேப்பைப் பார்க்க வேண்டும். 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள அந்த ஊசி முனை ஃபீலர் கேஜ் பட்டாலே உடையலாம். சாதாரண நிக்கல் பிளக் மலிவு, தைரியமாகக் கையாளலாம். ஆனால் குறியீட்டில் 'ஆர்' என்ற எழுத்து இருந்தே ஆக வேண்டும் என்று அவர் பிடிவாதமாகச் சொன்னார். உள்ளே ரெசிஸ்டர் இருப்பதன் அடையாளம் அது. அது இல்லாவிட்டால் பொறியின் இரைச்சல் கிராங்க் சென்சாரின் சிக்னலில் கலந்து, ஈசியூ இன்ஜினின் வேகத்தையே தவறாக எண்ணும்.

கம்ப்ரஷன் கூடினால் பொறி தாவ அதிக வோல்டேஜ் வேண்டும். அதனால் கேப்பை 0.8-க்குக் குறைத்தார்கள். விரலால் முழுக்கச் சுற்றி இறக்கிய பிறகே டார்க் ரெஞ்ச் வந்தது. அலுமினிய ஹெட்டில் 14 மில்லிமீட்டர் பிளக்குக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் போதும். கைப்பலத்தை நம்பி இறுக்கி த்ரெட்டை உரித்துக்கொண்டு வரும் ஹெட்டுகள் இந்தப் பட்டறைக்குப் புதிதல்ல.

மதியத்துக்கு மேல் வேலை பிளக்கை விட்டு வெளியே போனது. கிட் காருக்கே உரிய ஒரு நோய் பிடிபட்டது. சட்டத்துக்குப் பவுடர் கோட்டிங் அழகாக அடித்திருந்தார்கள், எர்த் வயரின் போல்ட்டை அதன் மேலேயே முடுக்கியிருந்தார்கள். பவுடர் கோட்டிங் மின்சாரத்தை விடாது. இன்ஜினும் ரப்பர் மவுண்ட்டில் நிற்கிறது. எர்த் சரியில்லாவிட்டால் ஸ்டார்ட்டரின் மின்சாரம் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகக்கூடத் திரும்பப் பார்க்கும். பட்டறைப் பையன் பெயிண்ட்டைச் சுரண்டி உலோகத்தைக் காட்டினான், இன்ஜினிலிருந்து சட்டத்துக்குத் தடித்த பட்டை ஒன்று ஏறியது.

அடுத்து ஆக்சிலரேட்டர். சொந்தக்காரரை உட்காரவைத்துத் தரைவரை மிதிக்கச் சொன்னார்கள். த்ராட்டில் முழுக்கத் திறக்கவில்லை. அப்படியே டைனோவுக்குப் போயிருந்தால் குறைவான திறப்பை முழுத் திறப்பு என்று நம்பி ஒரு நாளைக் கழித்திருப்பார்கள். எக்சாஸ்டில், புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் லாம்டா சென்சாருக்கு முன்னால் ஒரு ஃபிளேஞ்சில் கரிக்கோடு தெரிந்தது. அங்கே வெளிக்காற்று உள்ளே புகுந்தால் பெட்ரோல் குறைவு என்று சென்சார் பொய் சொல்லும். கேஸ்கெட் மாறியது.

டியூனர் ஓர் இளம் பெண், பொறியியல் படித்தவர். சாயங்காலம் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "டேங்க்ல என்ன பெட்ரோலுங்ணா?" இப்போது பம்புகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 போதும். கலவைக்கு அது பதிமூன்றரை அளவில் வந்து நிற்கும். பழைய கணக்கில் ஈசியூவில் போட்ட எரிபொருள் வரைபடம் இந்த எரிபொருளுக்குப் பெட்ரோலைக் குறைவாகவே ஊற்றும். தடத்தில் எதை ஊற்றப்போகிறார்களோ அதையே டைனோவிலும் ஊற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் டைனோவில் வண்டியை உருளைகள்மேல் நிறுத்தி, சட்டத்தில் தனியாக வெல்டு வைத்த வளையங்களில் பட்டை போட்டுக் கட்டினார்கள். இவ்வளவு லேசான வண்டிக்கு அந்த வளையங்கள் இல்லாவிட்டால் உருளையிலேயே நிற்காது. ஐடிலைச் சரிசெய்த பிறகு கழற்றிய பிளக்குகள் கறுப்பாக இருந்தன, ஆனால் அடைக்கவில்லை. முழு லோடில் ஓட்டி, அதே வேகத்தில் இக்னிஷனை அணைத்துக் கழற்றியபோது பீங்கான் வெளிர்ப்பழுப்பு. அண்ணா லென்ஸ் வைத்துப் பார்த்தது நிறத்தை அல்ல, வெள்ளிப் புள்ளிகளை. கலவை தாறுமாறாக வெடிக்கும் நாக்கிங் இருந்தால் பிஸ்டனின் அலுமினியம் துகளாக வந்து பீங்கானில் ஒட்டியிருக்கும். ஒன்றும் இல்லை.

டைனோவுக்கு மணிக்கணக்கில் கட்டணம், அதைக் கேள்வி கேட்காமல் கொடுக்கிறார்கள். முந்தைய நாளின் உழைப்போ பில்லில் பொதுவேலை என்ற ஒற்றை வரிக்குள் அடங்கிவிட்டது. அது நியாயமில்லை. த்ராட்டிலும் எர்த்தும் ஃபிளேஞ்சும் டைனோ மேல் வைத்துக் கண்டுபிடிக்கப்பட்டிருந்தால் ஒவ்வொன்றுக்கும் மணிக்கட்டணம் ஓடியிருக்கும். அந்தக் காசை மிச்சப்படுத்தியவரின் கூலியைத் தனியாக எழுதிக் கேட்கும் வழக்கம் பட்டறைகளில் வர வேண்டும்.

ஏழாம் எண் செட் இன்னும் பிரிக்காத பெட்டியில் இருக்கிறது. டைனோவில் இன்ஜின் சில விநாடிகள்தான் முழு லோடில் நிற்கும், செட்டிபாளையத்துத் தடத்தில் சுற்றுக்கு மேல் சுற்றாகச் சூடு ஏறும். கால் மணி நேரம் விடாமல் ஓட்டிவிட்டு உள்ளே வந்ததும் பிளக்கைக் கழற்றிக் காட்டும்படி அண்ணா சொல்லியிருக்கிறார். பீங்கான் வெளுத்திருந்தால் அங்கேயே ஏழு. பெட்டியும் டார்க் ரெஞ்சும் டிரெய்லரில் ஏறிவிட்டன.