மண்டபத்தின் திறப்பு

யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கிலே திறவுகோலைத் 'திறப்பு' என்பர். திறத்தல் என்னும் செயலும் அதற்கு வேண்டிய கருவியும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. கூட்டம் ஒழுங்குசெய்து பழகியவர்களுக்கு இச்சொல்லின் பொருத்தம் எளிதில் விளங்கும். விழாத் திறப்புக்கு அமைச்சர் வரலாம், அறிஞர் வரலாம். ஆனால் அதற்கு முன்னர் மண்டபத் திறப்பு வரவேண்டும். அது வராத மாலைப்பொழுது எத்தகையது என்பதை, வாசலிலே மாலைகளையும் பழத்தட்டையும் ஏந்திக்கொண்டு நின்ற தமிழ்ச்சங்கச் செயலாளர் எவரும் சொல்வர்.

அவையில் வந்து அமர்பவர் பேச்சை நினைவில் வைத்திருப்பர். கதிரைகளை எண்ணியவரை எவரும் நினைப்பதில்லை. அது இயல்பே. ஆயினும் ஒழுங்கமைப்பாளரின் உழைப்பிலே பெரும்பகுதி பேச்சாளரைத் தேடுவதிலன்று, இடம் தருவோரின் மனத்தை அறிவதிலேயே செலவாகின்றது. இடம் தர விரும்பாதவர் 'தரமாட்டேன்' என்று சொல்வது அரிது. சொன்னால் ஒருவகையில் உதவியாகவே இருக்கும், வேறிடம் தேடலாம். அவர் சொல்வது 'பார்ப்போம்' என்பதாகும். விண்ணப்பம் மேலிடத்திற்குப் போயிருக்கும். மேலிடம் கொழும்புக்குப் போயிருக்கும். லிகிதர் விடுமுறையில் இருப்பார். காவலாளிக்குக் கடிதம் கிடைத்திராது. இவற்றுள் எதையும் தனியே எடுத்துக் குற்றமென்று காட்ட முடியாது. எல்லாம் சேர்ந்து, குறித்த நாளிலே கதவு மூடியிருக்கும்.

இவ்வகையான மறுப்பு மிகப் பெரிய அளவிலே நிகழ்ந்ததும், மிகக் கொடிய முடிவை எய்தியதும் யாழ்ப்பாணத்திலேதான். 1974ஆம் ஆண்டு சனவரியில் நடைபெற்ற நான்காவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாட்டைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். அதன் இறுதிநாள் துயரத்தையே எல்லோரும் நினைவுகூர்வர். அத்துயரத்திற்கு முன்னே நீண்ட காலம் நடந்த கதவு தட்டல் அத்துணை நினைக்கப்படுவதில்லை.

அனைத்துலகத் தமிழாராய்ச்சி மன்றம் 1964 சனவரியிலே புதுதில்லியில், கீழைத்தேயவியலாளர் மாநாடு கூடிய வேளையில் தோற்றுவிக்கப்பட்டது. அதன் முதன்மை ஊக்குநர் தனிநாயகம் அடிகள். தீவகத்துக் கரம்பனில் பிறந்தவர். முதலாவது மாநாடு 1966இல் கோலாலம்பூரிலே, அடிகள் அப்போது பணியாற்றிய மலாயாப் பல்கலைக்கழகத்தின் ஆதரவுடன் கூடிற்று. இரண்டாவது 1968இல் சென்னையில். முதலமைச்சர் அண்ணாதுரையின் அரசு அதனைத் தன் வீட்டு விழாவாகவே எடுத்து நடத்தியது. கடற்கரையிலே தமிழறிஞர்களின் சிலைகளும் எழுந்தன. மூன்றாவது 1970இல் பாரிசில், பேராசிரியர் ஃபிலியோசா முன்னின்று நடத்தியது. மூன்று இடத்திலும் விருந்தளிப்பவர் யார் என்ற ஐயமே எழவில்லை. வீட்டுக்காரர் வாசலிலே நின்றார். விருந்தினர் உள்ளே சென்றனர்.

நான்காவது மாநாடு இலங்கையில் என்று முடிவானதும், இலங்கையில் எங்கே என்ற வினா எழுந்தது. அரசாங்கம் கொழும்பை விரும்பிற்று. அந்த விருப்பத்திற்கு நியாயமான முகமும் உண்டு என்பதை மறைத்தலாகாது. விமான நிலையமும் விடுதிகளும் நூலகங்களும் தலைநகரை அடுத்திருந்தன. 1973இல் திறக்கப்பெற்ற பண்டாரநாயக்க ஞாபகார்த்த மாநாட்டு மண்டபம் போன்றதொன்று யாழ்ப்பாணத்தில் இல்லை. பல்கலைக்கழகமும் அன்று யாழ்ப்பாணத்தில் இல்லை. ஆயினும் மன்றத்தின் இலங்கைக் கிளையில் பெரும்பான்மையோர் யாழ்ப்பாணத்தையே விரும்பினர். தமிழைப் பற்றிய ஆராய்ச்சி, தமிழ் வழங்கும் மண்ணிலே, அதனைப் பேசும் மக்கள் பார்க்க நடைபெறவேண்டும் என்பது அவர்கள் கருத்து. பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் புகுந்து, 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பும் நிறைவேறிய காலம் அது. எந்த ஊர் என்ற வினாவும் அக்காலத்திலே வெறும் ஊர் வினாவாக இருக்க முடியவில்லை. தலைமைப் பொறுப்பில் இருந்தவர் விலகினார். பேராதனைத் தமிழ்ப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அப்பொறுப்பை ஏற்றார்.

வித்தியானந்தனைப் பற்றி இவ்விடத்துச் சிறிது கூறுவது பொருந்தும். தெல்லிப்பழையைச் சேர்ந்த அவர் 'தமிழர் சால்பு' எழுதிய ஆய்வாளர் என்பது ஒரு பக்கம். மறுபக்கத்திலே அவர் நாட்டுக்கூத்தின் தோழர். மட்டக்களப்பிலும் பிற இடங்களிலும் கிராமத்து அண்ணாவிமார் ஆடிவந்த கூத்தைப் பேராதனை மாணவர்க்குப் பயிற்றுவித்து, 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியவற்றை மேடையேற்றியவர். கூத்துக்குரிய வட்டக்களரிக்குக் கதவில்லை. ஊர்வெளியிலே மண்ணைக் குவித்துக் களரி அமைப்பர். சுற்றிவர மக்கள் அமர்வர். அக்கலையை நாற்புறமும் சுவரும் கதவும் உள்ள மண்டபத்திற்குக் கொண்டுவந்தவர் மண்டபங்களின் குணத்தையும் அறிந்தேயிருப்பார். திரை விழுமா, விளக்கு எரியுமா, கதவு திறக்குமா என்ற கவலைகள் அவருக்குப் புதியனவல்ல. மாநாட்டுப் பணியிற் புதிதாக இருந்தது, கதவுகளின் தொகையே.

பேராதனையிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய இருநூறு மைல். கடிதமும் தந்தியும் புகையிரதமும் நம்பி, ஓர் ஊரிலிருந்துகொண்டு இன்னோர் ஊரிலே மாநாடு நடத்துவதாயிற்று. வெளிநாட்டு அறிஞருக்கு நுழைவுரிமை வேண்டும். அது கொழும்பின் கையில். ஒலிபெருக்கிக்கு அனுமதி வேண்டும். அது பொலிசாரின் கையில். திறந்தவெளி அரங்கு மாநகரசபையின் கையில். தமிழ்நாட்டிலிருந்து வரவிருந்தோர் சிலருக்கு நுழைவுரிமை மறுக்கப்பட்டது. வருவோர் யார், வாராதோர் யார் என்று அறியாமல் ஆய்வரங்கு நிரலை வகுப்பது எத்துணைத் தொல்லை என்பதை, நிரலிலே பெயர் அச்சிட்டபின் பேச்சாளர் வாராதுபோன அனுபவமுடையோர் உணர்வர். அதுவும் ஒருவரல்லர், பலர்.

ஒரு கதவு மட்டும் தடையின்றித் திறந்தது. அது வீரசிங்கம் மண்டபத்தின் கதவு. கூட்டுறவு இயக்கத்திற்கு உழைத்த வீ. வீரசிங்கத்தின் பெயரைத் தாங்கிய அம்மண்டபம், கூட்டுறவாளரின் முயற்சியால் எழுந்தது. மாநாட்டின் முதன்மையான இடம் அதுவே ஆயிற்று. இதனைத் தற்செயல் என்று கொள்வதற்கில்லை. பொதுமக்கள் சிறிது சிறிதாகச் சேர்த்த பொருளில் எழுந்த மண்டபத்தின் திறப்பு, பொதுமக்களுக்கு எட்டும் தூரத்திலேயே தொங்கும்.

சனவரி 3ஆம் நாள் மாநாடு தொடங்கியபோது, உண்மையில் விருந்தளித்தவர் யார் என்பது தெளிவாயிற்று. வீதிகளிலே வாழை நாட்டினர், தோரணம் கட்டினர். நகரத்தோடு சுற்றுப்புற ஊர்களும் அழகுபெற்றன. வெளிநாட்டவரைத் தம் வீடுகளில் வைத்து உபசரித்தனர். பெரிய விடுதிகள் இல்லாத குறையை வீடுகள் நிரப்பின. இளைஞர்கள் தொண்டர்களாயினர். சென்னையிலே அரசு செய்ததை இங்கே தெருவார் செய்தனர் எனலாம். தெருவார் செய்யக்கூடியவற்றுக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். தோரணம் கட்ட அவர்களுக்கு எவருடைய கையொப்பமும் தேவைப்படவில்லை. கதவைத் திறக்கத் தேவைப்பட்டது.

ஆய்வரங்குகள் நிறைவுபெற்றன. அவற்றிற் படிக்கப்பட்ட கட்டுரைகளைப் பற்றி இங்கு விரித்தல் வேண்டா. 10ஆம் நாள், வியாழக்கிழமை மாலை, வந்திருந்த அறிஞர்கள் பொதுமக்கள் முன் பேசுவதாக ஒழுங்கு. தைப்பொங்கலுக்கு நான்கு நாட்களே இருந்தன. வீரசிங்கம் மண்டபம் கொள்ளக்கூடியதைப் போலப் பலமடங்கு மக்கள் திரண்டனர். உள்ளே இடம் பெற்றவர் சிலர்; வெளியே நின்றவர் ஆயிரக்கணக்கானோர். அருகிலிருந்த திறந்தவெளி அரங்கே இத்தகைய கூட்டத்திற்கு ஏற்ற இடம். ஆனால் அதன் கதவு பூட்டியிருந்தது. திறப்பதற்கு வேண்டிய அனுமதி அந்த நேரத்திலே கிட்டவில்லை.

எந்த ஒழுங்கமைப்பாளருக்கும் மிகக் கடினமான கணம் இதுவாகும். மக்கள் வந்துவிட்டனர். பேச்சாளரும் வந்துவிட்டனர். திரும்பிப் போங்கள் என்று சொல்லலாமா? இரவு வரையிலும் காத்திருந்து, குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு தூரத்து ஊர்களிலிருந்து வந்தோரிடம் அதைச் சொல்ல யாருக்கு நா எழும்? பூட்டை உடைக்கலாமா? பேராசிரியர்கள் பூட்டு உடைப்பதில்லை. ஆகவே பழைய கூத்துக்காரர் செய்வதையே செய்தனர். மண்டபத்தின் முன்புறத்திலே தற்காலிக மேடையொன்றை அமைத்தனர். மக்கள் எதிரேயிருந்த வெளியிலும் வீதியிலும் அமர்ந்தனர். போக்குவரத்துப் பொலிசாரும் வாகனங்களை வேறு வழியால் திருப்பிவிட்டு உதவினர் என்பது குறிப்பிடத்தக்கது. கதவு மூடிய இடத்திலே களரி பிறந்தது. அவ்வளவில் நின்றிருந்தால், இடர்ப்பாட்டைச் சமாளித்த திறமைக்கு எடுத்துக்காட்டாகவே அந்த மாலை இன்று பேசப்பட்டிருக்கும்.

அவ்வாறு அமைந்த களரிக்கு மேலே மின்கம்பி சென்றது. பூட்டிய அரங்கினுள்ளே மக்கள் இருந்திருப்பின் வீதி வாகனங்களுக்குரியதாக இருந்திருக்கும். வீதியை ஒழியுங்கள் என்று சொல்ல எவருக்கும் காரணம் இருந்திராது. கூட்டத்தை வீதிக்குத் தள்ளியது ஒரு பூட்டு. வீதியிலே இருந்தது குற்றமாயிற்று.

திருச்சிராப்பள்ளியிலிருந்து வந்திருந்த பேராசிரியர் நைனா முகம்மது பேசிக்கொண்டிருந்தார். அவருடைய இனிய தமிழிலே கூட்டம் ஒன்றியிருந்த வேளையில், கலகம் அடக்கும் பொலிசார் வந்து வீதியை விட்டு விலகுமாறு பணித்தனர். எழுந்து செல்ல வழியில்லாதபடி நெருக்கமாக அமர்ந்திருந்த மக்களிடையே தடியடி தொடங்கிற்று. கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. வானத்தை நோக்கிச் சுட்டனர். மின்கம்பி அறுந்து வீழ்ந்தது. ஒன்பது உயிர்கள் போயின. தமிழ் கேட்க வந்தவர்கள் அவர்கள்.

அரசாங்கம் தன் சார்பிலே விசாரணைக்குழு எதனையும் அமைக்கவில்லை. யாழ்ப்பாணப் பிரசைகள் முயன்று ஒரு குழுவை நாடினர். இளைப்பாறிய உயர்நீதிமன்ற நீதியரசர்களான ஓ. எல். டி கிறெற்சர், வ. மாணிக்கவாசகர் ஆகியோரும், பேராயர் சபாபதி குலேந்திரனும் அதில் இருந்தனர். அவர்கள் சாட்சியங்களைக் கேட்டு, பொலிசாரின் செயல் தேவையற்ற வன்முறை என்று கண்டனர். அதன் பின்னர் இந்நாட்டிலே நிகழ்ந்தவை பலரும் அறிந்த வரலாறு. அதனை இக்கட்டுரையில் அடக்க முடியாது. அந்த வரலாற்றை எழுதுவோரிற் பெரும்பாலோர் அந்த இரவைக் குறிப்பிடத் தவறுவதில்லை. பூட்டியிருந்த கதவை ஒரு வரியிற் கடந்து விடுவர். கூட்டம் ஒழுங்குசெய்து பழகியவர் அந்த ஒரு வரியிலேயே நின்றுவிடுவார். 'பார்ப்போம்' என்று சொன்னவர்களும், சொல்லாமலே இல்லாதிருந்தவர்களும், தம் கையால் எவரையும் தீண்டவில்லை. அந்த இரவிலே நிம்மதியாக உறங்கியும் இருக்கலாம்.

மாநாட்டுக்குப் பின் ஒன்பது மாதங்களில், 1974 ஒக்டோபர் 6ஆம் நாள், திருநெல்வேலியிலே இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டது. 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. முதல் துணைவேந்தராக வந்தவர் வித்தியானந்தனே. அனுமதி கேட்டு அலைந்தவர் அனுமதி கொடுக்கும் இடத்தில் அமர்ந்தார். 1980இல் தனிநாயகம் அடிகள் மறைந்தார். ஐந்தாவது மாநாடு 1981இல் மதுரையில் கூடியதை அவர் காணவில்லை. மதுரையிலே மறுபடியும் அரசே வீட்டுக்காரராக நின்றது. வித்தியானந்தன் 1989இல் காலமானார்.

வீரசிங்கம் மண்டபத்திற்கு அருகே, வீதியோரத்திலே, இறந்தோருக்கான நினைவுச்சின்னம் உள்ளது. ஆண்டுதோறும் சனவரி 10ஆம் நாள் அங்கே சிலர் கூடுகின்றனர். சுடரேற்றி, மலர் தூவி, சிறிது நேரம் நிற்கின்றனர். அந்நிகழ்ச்சிக்கு மண்டபம் எதுவும் வேண்டியதில்லை. வீதியிலே வாகனங்கள் சென்றுகொண்டிருக்கும்.