எடப்பாடி ஏரிக்கரையின் ஊதாப்பூ: மருந்தா, விஷமா?

எடப்பாடியிலிருந்து பூலாம்பட்டிப் பக்கம் போனால், ஏரி, ஓடை என்று ஈரம் நிற்கிற இடமெல்லாம் இளம் ஊதாப்பூவோடு ஆள் உயரப் புதர்களைப் பார்க்கலாம். நெய்வேலிக் காட்டாமணக்கு என்பார்கள். பெயரில்தான் ஆமணக்கு, உண்மையில் இது நம் சர்க்கரைவள்ளிக் கிழங்கின் பங்காளி. இரண்டு பூக்களும் ஒரே புனல் வடிவம். தென் அமெரிக்காவிலிருந்து அழகுச்செடியாக வந்தது.

சேர்வராயன் மலையில் பிறந்து, ஓமலூர், எடப்பாடி வழியாகக் காவிரியில் கலக்கிறது சரபங்கா. ஒடிந்த தண்டு வெள்ளத்தில் மிதந்து, ஒதுங்கிய சேற்றில் வேர் பிடிக்கும். மேல் ஏரியில் விட்டுவைத்தால் கீழ் ஏரிக்கும் வந்துவிடும்.

“இதில் புற்றுநோய்க்கு மருந்து இருக்கிறதாமே, கசாயம் வைக்கலாமா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கூடவே கூடாது.

இச்செடியில் ஸ்வைன்சோனைன் என்ற நச்சு உண்டு. செல்லுக்குள் சர்க்கரைச் சங்கிலிகளை உடைக்கும் நொதியை அது முடக்கும். புற்றுநோய் செல்களைக் கட்டுப்படுத்த உதவுமா என்று, சுத்திகரித்த ஸ்வைன்சோனைனை 1990-களில் நோயாளிகளுக்கு அளந்து கொடுத்துச் சோதித்தார்கள். இன்றுவரை மருந்தாக விற்பனைக்கு வரவில்லை. இலையைக் காய்ச்சினால் எவ்வளவு நச்சு இறங்கும் என்று வீட்டில் அளக்க முடியாது.

அதே வேலைதான் ஆட்டைக் கொல்கிறது. உடையாத சர்க்கரை நரம்பு செல்களில் தேங்கும். இயற்கை விவசாயிகள் இதை ‘ஆடு தின்னா இலை’ என்று பூச்சிவிரட்டியில் சேர்ப்பது உண்டு. ஆனால் பங்குனி, சித்திரையில் மேய்ச்சல் காய்ந்தால் ஆடு தின்னும். பழகிவிட்டால் தேடிப் போய்த் தின்னும். ஒரே நாளில் விழாது. சில வாரங்களில் உடல் மெலியும், தலை ஆடும், பின்னங்கால் தள்ளாடும், சினை கலையும். முற்றிய பிறகு மருந்தில்லை.

செய்ய வேண்டியது இதுதான்:

* கோடையில் இந்தப் புதர் உள்ள ஏரிக்குள் ஆடுகளை விடாதீர்கள். கொட்டிலில் சோளத்தட்டு, வேப்பந்தழை, அகத்தி கொடுங்கள்.
* தள்ளாட்டம் தெரிந்த ஆட்டை உடனே பிரித்துக் கட்டி, கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அவசரத்துக்கு 1962-ஐ அழைக்கலாம்.
* ஏரி வற்றியிருக்கும்போதே வேரோடு பிடுங்கி, மேட்டில் நன்றாகக் காயவிட்டு விறகாக்குங்கள். வெட்டிய தண்டை ஈரத்தில் போட்டால் திரும்ப முளைக்கும்.

ஏரிக்குத் தண்ணீர் வருவதற்கு முன் ஊர் கூடி இரண்டு நாள் இறங்கினால், ஆடும் பிழைக்கும், ஏரியும் பிழைக்கும்.