கணக்குக் கேட்காத வானம்

ஒலெக் மேடாக்ஸ் என்ற ரஷ்யப் பொறியாளரின் குழு 2001-இல் ‘ஐ.எல்-2 ஸ்டுர்மோவிக்’ என்ற போர் விமான விளையாட்டை வெளியிட்டது. அதன் கடைசித் தொகுப்பு 2006 இறுதியில் ‘1946’ என்ற பெயரில் வந்தபோது, ஒற்றை டிவிடிக்குள் ஓட்டிப் பார்க்க 200-க்கும் மேற்பட்ட விமானங்கள் இருந்தன. ஸ்பிட்ஃபயர், மெஸ்ஸர்ஷ்மிட், ஸீரோ, மஸ்டாங், யாக் என்று இரண்டாம் உலகப் போரே அதற்குள் இருந்தது. கணினியில் ஏற்றிய முதல் நிமிடமே எதில் வேண்டுமானாலும் ஏறி உட்காரலாம். எதற்கும் பூட்டு கிடையாது. இன்று இதைச் சொன்னால் சின்னப் பையன்கள் நான் கதை விடுகிறேன் என்கிறார்கள்.

ஏறி உட்காருவதுதான் சுலபம், கிளப்புவது அல்ல. மெஸ்ஸர்ஷ்மிட் 109-இன் சக்கரங்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமானவை. த்ராட்டிலை ஒரேயடியாகத் திறந்தால் மூக்கு இடப்பக்கம் இழுக்கும், இறக்கை தரையைத் தட்டும், கதை முடிந்தது. வைல்ட்கேட்டில் சக்கரத்தை உள்ளே இழுக்க நிஜ விமானி கைப்பிடியை முப்பது சுற்றுக்குக் கிட்டச் சுற்ற வேண்டியிருந்தது. விளையாட்டிலும் விடமாட்டார்கள், விசையைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆரம்பகால ஸ்பிட்ஃபயரில் மூக்கைச் சட்டென்று கீழே தள்ளினால் கார்புரேட்டருக்குப் பெட்ரோல் சரியாகப் போகாமல் இன்ஜின் இருமும். எதிரே போகும் மெஸ்ஸர்ஷ்மிட்டில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுவதால் அது பாட்டுக்குத் தலைகுப்புறப் பாய்ந்து தப்பிவிடும். அந்தக் கோளாறை 1941 வாக்கில் பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியாளர் துளையிட்ட ஒரு சின்னஞ்சிறு தகட்டைப் பொருத்திப் பெருமளவு சரிசெய்தார். அவர் பெயரை நான் தெரிந்துகொண்டது எந்த வகுப்பிலும் இல்லை. ஏன் என் இன்ஜின் மட்டும் இருமுகிறது என்ற கோபத்தில் தேடியபோது.

ஆக, அங்கேயும் நேரம் போனது. ஏகப்பட்ட நேரம். ஆனால் போன நேரம் விரல்களில் தங்கியது. ஒரு மாதம் கழித்து நான் கொஞ்சம் நல்ல விமானி, அவ்வளவுதான் லாபம். அதை யாருக்கும் விற்க முடியாது, யாரிடமிருந்தும் வாங்கவும் முடியாது.

இணையத்தில் கூடி ஆடுவதற்கு ‘ஹைப்பர்லாபி’ என்ற இலவசக் கூடம் இருந்தது. எங்கள் வீட்டு பி.எஸ்.என்.எல். திட்டத்தில் பின்னிரவு 2 மணியிலிருந்து காலை 8 வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில் சேராது. அந்த நேரம் ஐரோப்பாவில் சாப்பிட்டு முடித்த முன்னிரவு. சர்வர்கள் நிரம்பி வழியும். ஊர் அடங்கிக் கிடக்க, ரிச்சி தெருவில் வாங்கிய ஜாய்ஸ்டிக்கை மேசையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டாலின்கிராடு மேலே பறப்பேன். பிங் (இணைப்பின் தாமதம்) அதிகம் என்று சில சர்வர்கள் கதவைச் சாத்தும், சில பொறுத்துக்கொள்ளும். நல்ல சண்டை முடிந்தால் வீழ்ந்தவரும் வீழ்த்தியவரும் ‘எஸ்!’ என்று ஒற்றை எழுத்தைத் தட்டிக்கொள்வார்கள். சல்யூட். பல இரவுகளில் எனக்குக் கிடைத்த ஒரே சம்பாத்தியம் அந்த எழுத்துதான்; அது போதுமானதாகவும் இருந்தது.

இப்போது இந்தத் துறையின் பெரிய பெயர் ‘வார் தண்டர்’. 2012 நவம்பரில் பொதுச் சோதனைக்கு வந்தது. இறக்கிக்கொள்ளக் காசு வேண்டாம். பார்க்க அழகு, ஒலி அபாரம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் தொடங்கும்போது கையில் கிடைப்பவை பெரும்பாலும் 1930-களின் இரட்டைச் சிறகு விமானங்கள். அடுத்ததைத் திறக்க ஆராய்ச்சிப் புள்ளி வேண்டும். திறந்ததை வாங்க ‘சில்வர் லயன்’ என்ற விளையாட்டுக் காசு. விழுந்தால் பழுதுபார்க்க மறுபடி சில்வர் லயன். பாடுபட்டு வாங்கிய விமானமும் முழுதாக வராது; அதன் நல்ல ஆயுதங்களையும் பாகங்களையும் அதே விமானத்தில் அரைத்த மாவையே அரைத்து ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். இந்தச் சலிப்பையெல்லாம் சுருக்க நிஜப் பணத்துக்கு ‘கோல்டன் ஈகிள்’ உண்டு, வரவைக் கூட்ட பிரீமியம் கணக்கு உண்டு, ஏணியே வேண்டாம் என்பவர்களுக்கு 60, 70 டாலரில் நேராக ஒரு ஜெட்டும் உண்டு. 2023 மே மாதத்தில் விளையாட்டின் பொருளாதாரத்தை இன்னும் இறுக்கும் மாற்றங்களை அறிவித்தபோது, ஸ்டீம் தளத்தில் ஆயிரக்கணக்கானோர் எதிர்மறை விமர்சனங்களைக் குவித்தார்கள். நிறுவனம் பின்வாங்கியது; ஜூனில் ஒரு சீர்திருத்தத் திட்டமும் வெளியிட்டது. பழுதுச் செலவுக்கு எதிராக விமானிகள் செய்த முதல் கிளர்ச்சி அதுவாகத்தான் இருக்கும்.

பழைய காலம் தர்மசத்திரம் என்று நான் சொல்லவில்லை. 1980-களின் இறுதியில் ‘ஏர் வாரியர்’ ஆடியவர்கள் இணைப்பில் இருந்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கட்டணம் கட்டினார்கள். முதல் உலகப் போரை வைத்து 2009-இல் வந்த ‘ரைஸ் ஆஃப் ஃபிளைட்’ விமானங்களைத் தனித்தனியாக விற்றது; குறிபார்க்கும் கருவியைக்கூடத் தனியாக விற்றது. ஐ.எல்-2 பெயரைத் தாங்கி 2014-இல் வந்த வாரிசே ஆயுதங்களைப் பூட்டிவைத்து, ஆடித் திறக்கச் சொல்லி, பிறகு எதிர்ப்பைக் கண்டு அதைக் கைவிட்டது. ‘டி.சி.எஸ். வேர்ல்ட்’ ஒரு நவீன விமானத்துக்கு 80 டாலர் வரை கேட்கிறது. விலை கண்ணைக் கட்டுகிறது. ஆனாலும் அதன் மீது எனக்குக் கோபமில்லை: கொடுத்த பிறகு அந்த விமானம் என்னுடையது. கடையில் பணம் கேட்டால் கேட்கட்டும். காக்பிட்டுக்குள் வந்து கேட்பதுதான் பொறுக்கவில்லை.

போன விடுமுறையில் அக்கா மகன் வேறொரு இலவச விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தான். அவனிடம் அருமையான விமானம் ஒன்று இருந்தும் அதைத் தொடாமல் ஓட்டை விமானத்திலேயே போய்க்கொண்டிருந்தான். ஏன்டா என்றேன். “மாமா, அது அடிபட்டா ரிப்பேருக்கே எல்லாம் போயிடும். இதுல கொஞ்சம் சேத்துட்டு அப்புறம் அதை எடுக்கிறேன்” என்றான். பத்தாம் வகுப்புப் பையன் ஆகாயத்தில் வட்டிக்கடைக்காரர் மாதிரி யோசிக்கிறான். எங்கள் காலத்தில் எரியும் விமானத்தை வேண்டுமென்றே எதிரியின் ஓடுபாதையில் இறக்கிப் பார்ப்போம், என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள. ஒன்றும் ஆகாது, மறுபடி புது விமானம் வரும். தோற்பது இலவசமாக இருந்ததால்தான் துணிச்சல் பிறந்தது.

உங்கள் வீட்டிலும் விமானப் பைத்தியம் பிடித்த பிள்ளை இருக்கலாம். ‘சலுகை இன்னும் இரண்டு மணி நேரம்தான்’ என்று திரையில் ஒன்று மின்னினால் கார்டை நீட்டிவிடாதீர்கள். ‘1946’ பழைய விளையாட்டுகளை விற்கும் தளங்களில் சொற்ப விலைக்குக் கிடைத்து வருகிறது, சாதாரண மடிக்கணினியே அதற்குப் போதும். மிச்சப் பணத்தில் ஒரு ஜாய்ஸ்டிக் வாங்கிக் கொடுங்கள்.