மூணு மணி நேரம் போதாதா?

சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கும் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில், ஏப்ரல் மாத கரன்ட் பில்லைப் பார்த்ததும் சங்கச் செயலாளர் மேடத்துக்கு முதலில் நினைவுக்கு வந்தது நீச்சல் குளத்து மோட்டார்தான்.

"தினமும் எட்டு மணி நேரம் ஓடுதா? மூணு மணி நேரம் போதாதா?"

குளத்தைப் பராமரிக்கும் அண்ணன் தயங்கினார். "வெயில் காலம் மேடம். பசங்க நிறைய பேர் இறங்குறாங்க..." அவர் முடிப்பதற்குள் மேடம் லிஃப்ட்டுக்குள் போய்விட்டார்.

முதல் இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் தண்ணீர் லேசாக மங்கியது. ஐந்தாம் நாள் சுவரைத் தொட்டால் வழுக்கியது. அண்ணன் கூடுதலாக குளோரின் போட்டுப் பார்த்தார். மோட்டார் ஓடினால்தானே அது மூலைமுடுக்கெல்லாம் போய்ச் சேரும்?

ஞாயிற்றுக்கிழமை காலை, டவலோடு ஓடிவந்த குழந்தைகள் முன்னால் கேட் பூட்டிக்கிடந்தது. பெற்றோர் கூடிவிட்டார்கள். "யாரைக் கேட்டு பூட்டினீங்க?" என்று மேடமும் வந்தார். கூடவே, நீச்சல் உடையில் அவருடைய ஏழு வயது மகள்.

அண்ணன் கேட்டைத் திறந்தார். தன் எவர்சில்வர் டிபன் பாக்ஸ் மூடியை எடுத்துக் குளத்துக்குள் போட்டார்.

"எங்க கிடக்குன்னு சொல்லுங்க மேடம்."

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். நாலடி ஆழம்தான். மூடி தெரியவே இல்லை.

"ஒரு குழந்தை உள்ள முங்கினாலும் இப்படித்தான். மேல நிக்கிற எனக்குத் தெரியாது."

மேடத்தின் கை, மகளின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டது.

அன்று மாலை இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். குளத்தில் இருப்பது 60,000 லிட்டர். மோட்டார் மணிக்கு 10,000 லிட்டரை ஃபில்டருக்குள் அனுப்பும். ஆக, ஒரு சுற்றுக்கே 6 மணி நேரம். சுத்தமான தண்ணீர் திரும்பவும் பழைய தண்ணீரோடுதான் கலக்கிறது. அதனால் கூட்டம் இறங்கும் கோடையில் 8 மணி நேரம்; ஆள் குறைவான மழைக்காலத்தில் 6 மணி நேரம் என்று முடிவானது.

"இலைக் கூடையை தினமும் தட்டணும் மேடம். அது அடைச்சுக்கிட்டா, எவ்வளவு நேரம் ஓட்டினாலும் கரன்ட்டுதான் தண்டம்" என்றார் அண்ணன்.

குளத்தை மூடிவைத்து, மோட்டாரை இரவு பகலாக ஓட்டினார்கள். மூன்றாம் நாள் காலை, கேட் கம்பி வழியாக எட்டிப் பார்த்த மகள்தான் முதலில் கத்தினாள்.

"அம்மா, மூடி தெரியுது!"

இப்போதும் தினமும் காலையில் அண்ணன் அந்த மூடியைத் தண்ணீருக்குள் போடுகிறார். அது தெரிந்தால்தான் கேட் திறக்கும்.