டோலக்கு திருப்பூர்ல, தாளம் ஊர்ல

மார்கழி மாசம் விடியக்காலை அஞ்சு மணிக்கு எங்க ஊர் கோயில் மண்டபத்துல பஜனை நடக்கும். ஒரு ஆர்மோனியம், ஒரு டோலக்கு, ரெண்டு ஜால்ரா, பாடுறதுக்கு எழுபது வயசு தாண்டின பெரியப்பா. அவ்வளவுதான் கோஷ்டி. டோலக்கு வாசிக்கிறவன் என் சித்தப்பா மகன். இப்ப திருப்பூர்ல பனியன் கம்பெனியில தையல் வேலை. தீபாவளி, பொங்கலுக்குத்தான் ஊருக்கு வர்றான். மார்கழியில லீவு கிடையாது. ரெண்டு வருஷம் டோலக்கு இல்லாமலே பஜனை ஓடுச்சு. வர்ற சனமும் குறைஞ்சு போச்சு.

கல்லூரியில படிக்கிற எம்பொண்ணுதான் வழி சொன்னா. அவகிட்ட இந்தியத் தாள வாத்தியங்கள் உள்ள கீபோர்டு ஒண்ணு இருக்கு. கட்டையில விரலால தட்டினா டோலக்கு சத்தம் வரும். தீபாவளிக்கு வந்த தம்பியை உக்கார வெச்சு, கீபோர்டையும் லேப்டாப்பையும் யூஎஸ்பி கேபிளால இணைச்சு, ஒவ்வொரு பாட்டுக்கும் வாசிக்கச் சொன்னா. அந்தக் கேபிளோட ஒரு முனை பிரிண்டர்ல சொருகுற மாதிரி சதுரமா இருக்கும்.

அதுல பதிவானது சத்தம் இல்லைங்க. மிடி ஃபைல்னு பேரு. 1983-ல வந்த முறை. எந்தக் கட்டை, எந்த நேரம், எவ்வளவு அழுத்தம்னு எண்ணா மட்டும் எழுதி வெச்சிருக்கும். அழுத்தத்துக்கு உச்ச எண் 127. எம்பி3 பாட்டு வடிச்ச சோறுன்னா, மிடி விதைநெல்லு. எந்த வயல்ல போடுறோமோ அந்த மாதிரி விளையும். அதே ஃபைலை லேப்டாப்புல போட்டா வெளிநாட்டு டிரம்ஸ் சத்தமா வந்துச்சு. கீபோர்டுல போட்டா டோலக்கு. ஃபைலும் சின்னது. மூணு நிமிஷ எம்பி3 மூணு எம்பி வரும். இது சில கேபிதான்.

தம்பி திருப்பூர் போன பிறகு, பொண்ணு பிசிறு தட்டின இடத்தையெல்லாம் லேப்டாப்புல சரிபண்ணி, திரும்ப கீபோர்டுக்கு ஏத்தினா. பென்டிரைவை முதல்ல ஃபேட்32 முறையில ஃபார்மட் பண்ணணும். மிடியில ஃபார்மட் 0, ஃபார்மட் 1-னு வகைகள் இருக்கு. எங்க கீபோர்டு 0-வை மட்டும்தான் எடுக்கும். அதனால சேமிக்கும்போதே அந்த வகையில சேமிச்சா. பேரைச் சின்னதா, இங்கிலீஷ் எழுத்துல வெச்சா. பென்டிரைவ் சொருக இடமில்லாத கீபோர்டா இருந்தா, அந்தக் கம்பெனி தர்ற மென்பொருள் வழியா கேபிள்லயே ஏத்த வேண்டியிருக்கும்.

மார்கழி முதல் நாள். தம்பி அங்க தூங்கிட்டு இருந்திருப்பான். இங்க அவன் கையி வாசிச்சுது. அவனுக்கே உரிய அந்த இழுப்பு, அந்த ஓங்கின அடி, எல்லாம் அப்படியே இருந்துச்சு. ரெண்டு மூணு பேருக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

ஆனா நாலாவது நாளே பெரியப்பா சொல்லிட்டார். "நான் மூச்சு வாங்க நின்னா அவனும் நிப்பான்டா. இது என்னை விட்டுட்டு ஓடுது." உண்மைதான். அவன் எப்ப அடிச்சான்னு ஃபைலுக்குத் தெரியும். இப்ப பெரியப்பா எங்க நிக்கிறார்னு தெரியாது. வயசான மனுஷன் மெஷினுக்குப் பின்னாடி ஓடிப் பாடுறதைப் பாக்க எனக்கும் மனசு கேக்கல.

அதுக்கும் அந்த ஃபைல்லயே ஒரு வழி இருந்துச்சு. மிடியில வேகத்தைக் குறைச்சாலும் சுருதி மாறாது. இடது கை அடியைத் தனியாகவும் கேக்கலாம். பக்கத்து வீட்டு எட்டாவது படிக்கிற பையன் தினம் சாயங்காலம் வேகத்தைப் பாதியாக்கி வெச்சு, பரண்ல கெடந்த டோலக்குல கூடவே தட்டிப் பழகுறான். பொங்கலுக்கு வந்த தம்பி அதைக் கேட்டுட்டு, "அண்ணே, இவன் என் தப்பையும் சேத்துல்ல கத்துக்கிட்டான்"னு சிரிச்சான். அப்புறம் பையன் விரலைப் பிடிச்சு, சரியா வைக்கக் காட்டிக் கொடுத்தான்.

அடுத்த மார்கழிக்கு மூணு பாட்டு பையன் வாசிப்பான், மத்தது கீபோர்டுன்னு பேசி வெச்சிருக்கோம். இங்க அறுப்பு நடந்துக்கிட்டு இருக்கு. முடிஞ்சதும் அடுத்த பதிவுல பாக்கலாம்.