மறுப்புக் கடிதமும் எமது எழுத்தும்

இங்கிலாந்தில் வாழ்ந்து ஆங்கிலத்தில் நூல் எழுத முற்படும் எம்மவர் முதலிற் சந்திக்க வேண்டியவர் இலக்கிய முகவரே. பெரிய பதிப்பகங்கள் பெரும்பாலும் முகவர் வழியாக வரும் கைப்பிரதிகளையே ஏற்கின்றன. நூல் விலைபோனால் எழுத்தாளரின் வருவாயில் வழமையாக 15 வீதம் முகவரைச் சேரும். ஆகவே, தம்மால் விற்க இயலும் என்று நம்பாத பிரதியை அவர் கையேற்பதில்லை. மறுப்பின் பொருள் பெரும்பாலும் இவ்வளவே.

நாமும் எமது ஊர்க் கதையை எழுதி அனுப்பி, மறுப்புகள் பல பெற்றுள்ளோம். எல்லோருக்கும் ஒரேவிதமாக அனுப்பப்படும் இரு வரிகளே அவற்றுட் பெரும்பாலானவை. சிலரிடமிருந்து மறுமொழியே வரவில்லை. முதல் மறுப்பு வந்த அன்று எமக்குச் சோறு இறங்கவில்லை. ஏழாவது வந்தபோது அதைக் கோவையில் இட்டுவிட்டுத் தேநீர் அருந்தினோம்.

பல்லாண்டுகள் மாணவரின் கட்டுரைகளைத் திருத்தியவர் நாம். வெறும் புள்ளியிலிருந்து மாணவன் எதையும் கற்பதில்லை. ஓரத்தில் எழுதும் குறிப்பே அவனுக்கு உதவும். மறுப்புகளும் அவ்வாறே. காரணம் கூறாத மறுப்பை மனத்தில் ஏற்ற வேண்டாம். காரணம் கூறியதைப் பேணி வைத்தல் வேண்டும். இருவர் ஒரே குறையைச் சுட்டினால் திருத்துவதே தகும். வாதாடி மறுகடிதம் எழுதுவதாற் பயனில்லை. வாசிப்பதற்கே கட்டணம் கேட்பவரை விட்டு விலகுக.

வில்லியம் கோல்டிங்கும் எம்மைப்போல் ஓர் ஆசிரியரே. அவர் பதிப்பகங்களுக்கு நேரடியாக அனுப்பிய 'லோர்ட் ஒஃப் த ஃப்ளைஸ்' நாவலைப் பல பதிப்பகங்கள் மறுத்தன. ஃபேபர் பதிப்பகத்தின் வாசிப்பாளரும் அதைச் சலிப்பூட்டுவதென ஒதுக்கினார். அங்கு பணியாற்றிய சார்ள்ஸ் மொண்டித் அதை மீள எடுத்து வாசித்து, திருத்தங்கள் கோரினார். கோல்டிங் தொடக்கப் பகுதியை நீக்கவும் இசைந்தார். 1954 இல் நூல் வெளிவந்தது. 1983 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

எல்லோருக்கும் இவ்வாறு வாய்க்கும் என்று நாம் கூற வரவில்லை. எமக்குத் தெரிந்த இளம்பெண் ஒருவர், 1995 ஆம் ஆண்டு யாழ்ப்பாண இடப்பெயர்வைத் தம் அம்மம்மா சொல்லக் கேட்டு எழுதியிருந்தார். மூன்று மறுப்புகள் வந்ததும் அனைத்தையும் கணினியிலிருந்து அழித்துவிட்டார். அந்த அம்மம்மா இன்று உயிருடன் இல்லை.

ஊரில் நாம் இழந்துவந்த ஏடுகளை மீட்க எம்மால் இயலாது. இங்கு எழுதியவற்றையேனும் நாமே அழித்துவிடாதிருப்போம். பதிப்பாளர் கிடைக்காவிடினும், பேரப்பிள்ளைகள் படிக்க ஒரு பிரதி வீட்டில் இருக்கட்டும்.